கதவின் நல்ல பக்கம்

மூன்று வாரமாக மாஸ்டர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. காலையில் அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய், மதியம் கட்டிங் மேசையோரம் நாலு வாய், சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு டீ. ஆயத்த ஆடைக் கம்பெனியில் முப்பது வருஷம் நின்றே துணி வெட்டிய கால்கள்தான். ஆனாலும் கால்களுக்கும் ஒரு பொறுமை உண்டு, அது தீர்ந்துபோயிருந்தது.

படுத்திருந்தது அவர் மனைவி. அதே கம்பெனியில் அயர்ன் பிரிவில் இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். நின்ற இடத்தில் நின்று, குனிந்த முதுகு குனிந்தபடி, ஒரு நாளைக்கு நானூறு சட்டை. மேனேஜர் மாறினார், முதலாளி மாறினார், பெட்டி கரியிலிருந்து நீராவிக்கு மாறியது, அவள் மட்டும் மாறவில்லை. கடைசியில் முதுகெலும்பு கையை விரித்துவிட்டது. ஆபரேஷன், அதற்கப்புறம் வீட்டில் ஆறு வாரம் மல்லாந்த படுக்கை என்று டாக்டர் சொன்னார். ஏதோ வெளியூருக்கு டிக்கெட் எழுதிக் கொடுப்பவர் போலச் சொன்னார்.

உள்ளே கொண்டுபோகும் முன் அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"ஏங்க, நம்ம ரூம் கதவுக்குச் சட்டம் சட்டமா அடிப்பாங்களே, அது மாதிரி பண்ணிடறீங்களா? ஆறு வாரம் படுத்துக்கிட்டு மொட்டைக் கதவைப் பாக்க முடியாது."

"எல்லாக் கதவுக்கும் இப்ப முடியாதேம்மா."

"எல்லாத்துக்கும் யாரு கேட்டா? அந்த ஒண்ணுக்குப் போதும். அதுலயும் ஒரு பக்கம் போதும். நல்ல பக்கத்துல போட்டுருங்க."

அதற்குள் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது. மாஸ்டர் கூடவே நாலடி நடந்து தலையை ஆட்டினார்.

நல்ல பக்கம் என்பது துணிக்காரர் பேச்சு. சாயம் பளிச்சென்று தெரிகிற, ஊர் பார்க்கிற பக்கம் நல்ல பக்கம். முடிச்சும் நூலுமாக உடம்பில் உரசுகிற பக்கம் கெட்ட பக்கம். வெட்டுவதற்கு முன் துணியைப் பிடித்து எது நல்ல பக்கம் என்று பார்ப்பதுதான் மாஸ்டருக்கு அன்றாடம் முதல் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொழில் என்பதால் அந்தச் சொல் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தலையணை உறைக்கு நல்ல பக்கம், போர்வைக்கு நல்ல பக்கம், கால்மிதிக்குக்கூட நல்ல பக்கம். கல்யாணமான புதிதில் படுக்கை விரிப்பின் நல்ல பக்கம் எது என்று சண்டை போட்டு இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான் என்பது மாஸ்டருக்கு உறைத்தது. எப்பாடுபட்டாவது அவள் வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு என்றால் அது ஒரு பலகை, அவ்வளவுதான். இழைத்த பிளைவுட், அதன்மேல் வீடு கட்டியவன் போகிறபோக்கில் அடித்த பழுப்பு பெயின்ட், கைப்பிடியைச் சுற்றிக் கை பட்டுப் பட்டுக் கறுத்த வட்டம். தச்சரைக் கூப்பிட வசதியில்லை. புதுக் கதவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மரக்கடைக்காரர் மூலையில் கிடந்த பீடிங் துண்டுகளைக் காட்டினார். படச்சட்டம் போல ஓரம் வளைந்த மெல்லிய மரப்பட்டிகள். அளவு குறைந்ததால் யாரும் வாங்காமல் போனவை.

"துண்டும் துணுக்குமா இருக்கேண்ணே, இதுல என்ன பண்ணுவீங்க?" என்றார் கடைக்காரர்.

"துணுக்குலதான் எங்க பொழப்பே. கொடுங்க."

அந்த விஷயத்தில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு மீட்டரில் ஒன்றேகால் மீட்டர் வேலை பார்க்கிறவர் என்று கம்பெனியில் பெயர். பழைய பேப்பரை ஒட்டிக் கதவளவுக்கு ஒரு பேட்டர்ன் செய்தார். மேலே நெட்டையாக இரண்டு சட்டம், கீழே குட்டையாக இரண்டு. ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி. தையல் சாக்கட்டியால் கதவில் கோடு போட்டார். எந்தத் துண்டு எங்கே போகும், ஒட்டுப் போட்டால் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாது என்று தரையில் பரப்பிவைத்துப் பார்த்தார். வேலைக்குப் போகும் முன் காலை இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. அதில் பாதி நேரம் கொட்டாவி விடுவதிலேயே போனது.

முதல் நாள் எட்டுத் துண்டு அறுத்தார். எட்டும் அரை அங்குலம் கூடுதல் நீளம். அளவு சரி, கோடு சரி, ரம்பமும் சரி. ஐந்து நிமிஷம் வெறித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பழக்க தோஷத்தில் எல்லாத் துண்டுக்கும் தையலுக்கென்று ஓரம் விட்டிருக்கிறார். மரத்தை எங்கே மடித்துத் தைப்பது? தனியாக நின்று சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கியது. இந்தக் கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இப்போது சிரிக்கவும் கூடாதாம்.

அடுத்த நாள் மாஸ்டரின் அக்கா வந்தாள். பக்கத்துத் தெருவில் இருப்பவள். தம்பி வீடு தன் வீட்டின் இன்னொரு அறை என்பது அவள் எண்ணம். அதைத் தப்பு என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரியில, இவன் கதவுக்கு அலங்காரம் பண்றான். நல்ல கூத்துடா."

"அவதான்க்கா கேட்டா."

"கேட்டா சரி. பண்றதுதான் பண்றே, இந்தப் பக்கமாப் பண்ணு. அவளைப் பாக்க நாலு பேரு வருவாங்க. ஹாலுக்குள்ள வந்ததும் கண்ணுல படணும்."

"அது தெரியாதாக்கா எனக்கு?" என்றார் மாஸ்டர். உண்மையிலேயே அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஊர் பார்க்கிற பக்கம்தானே நல்ல பக்கம்.

பசை தடவி, துண்டுகளை ஒட்டி, தலையில்லாத சின்ன ஆணி அடித்தார். மூலை சேராத இடங்களில் பட்டிப் பசை பூசி, உப்புத்தாளால் தேய்த்தார். மேல் வீட்டில் மீந்திருந்த தந்த நிற பெயின்டைக் கேட்டு வாங்கி இரண்டு கை அடித்தார். வியாழக்கிழமை காலை, ஹாலில் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பழைய பலகை பெரிய இடத்துக் கதவு மாதிரி நின்றது. எதிரில் இருந்த அழுக்குச் சுவர் மட்டும் கொஞ்சம் கூனிக் குறுகியது.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னார். "கதவு முடிஞ்சுது. நல்ல பக்கத்துல போட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். "அப்ப நான் பாட்டுக்குப் படுத்துக்குவேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். கால்மாட்டுக்கு நேரே வாசல், உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தூக்கிவந்தவர்கள் போனதும் அவள் முதலில் சொன்னது, "கதவைச் சாத்துங்க, பாக்கலாம்."

மாஸ்டர் சாத்தினார்.

பழுப்பு. மொட்டைப் பலகை. கைப்பிடியைச் சுற்றிக் கறுத்த வட்டம்.

அவள் கதவையே பார்த்தாள். மாஸ்டருக்குக் காது சூடேறியது. "நல்ல பக்கம்னு சொன்னியா, அதான் ஹால் பக்கமா..." என்று இழுத்தார். பீடிங் ஒரு துண்டு மிச்சமில்லை. ஒட்டியதைப் பெயர்த்தால் தூள்தான் கிடைக்கும். இன்னொரு தடவை வாங்கிச் செய்ய அடுத்த மாதம் ஆகும்.

அப்போதுதான் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. கதவை முழுக்கத் திறந்து பக்கத்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். ஹாலைப் பார்த்திருந்த முகம் கட்டிலைப் பார்த்துத் திரும்பியது. நாலு சட்டமும் தந்த நிறத்தில் அவள் கண்ணெதிரே.

"பாரு. தொறந்தே வெச்சா உனக்குத்தான் தெரியுது. ஒரு செலவும் இல்ல."

அவள் கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சரி," என்றாள்.

மாஸ்டருக்கு மலை இறங்கிய நிம்மதி. கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மரத்துண்டைக்கூட முட்டுக்கொடுத்தார்.

திறந்த கதவு வழியாக வீடு உள்ளே வந்தது. அக்கா காலையில் வந்தால் சாயங்காலம்தான் கிளம்புவாள். டிவியை வைத்துவிட்டு, அதற்கும் மேலே குரல் கொடுத்துப் போனில் பேசுவாள். வீட்டில் இருக்கும் ஒரே பீரோ அந்த அறையில்தான், ஆகவே துண்டு எடுக்க ஒரு நடை, பை எடுக்க ஒரு நடை. பார்க்க வந்தவர்கள் ஹாலிலிருந்தே எட்டிப் பார்த்து, "தூங்குறாங்களா?" என்று கேட்டே எழுப்பினார்கள். அயர்ன் பிரிவிலிருந்து ஆறு பேர் வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, தங்கள் முதுகு வலியை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேல் வீட்டம்மா தன் பெயின்ட் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு தடவை இறங்கி வந்தாள். எல்லாருக்கும் படுத்தபடியே பதில் சொன்னாள் அவள். அக்காவுக்கு மிக்ஸி மூடி எங்கே இருக்கிறது என்றும் படுத்தபடியே சொன்னாள்.

ஐந்தாம் நாள் கம்பெனியில் கரண்ட் இல்லை. மாஸ்டர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஹாலில் டிவி, அக்கா, அக்காவின் சிநேகிதி. அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் நீர் காதுப்பக்கம் இறங்கித் தலையணை நனைந்திருந்தது. துடைக்கக் கை தூக்கவில்லை.

அவர் பதறிப்போய்க் கட்டிலோரம் குனிந்தார். "வலிக்குதாம்மா? டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

"வலியெல்லாம் இல்லங்க."

"அப்புறம் என்ன?"

அவள் சத்தம் வராமல் பேசினாள். ஹாலில் கேட்டுவிடக் கூடாது என்ற கவனம் அப்போதும் போகவில்லை.

"நல்ல பக்கம்னா எதுன்னு நெனச்சீங்க?"

"வர்றவங்க பாக்குற பக்கம். வேற எது?"

"நான் இருக்குற பக்கம்னு நெனச்சுச் சொன்னேங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கணும்னு ஆசை. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பகல்ல ஒரு தடவை அந்தக் கதவைச் சாத்தினதில்ல. ஆறு வாரம் படுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே யாரும் எதுவும் சொல்ல முடியாதேன்னு சந்தோஷப்பட்டேன். சாத்தின கதவைப் பாத்துக்கிட்டே கெடக்கப் போறோம், அது கொஞ்சம் அழகா இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் கேட்டேன்."

மாஸ்டர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் போகிறவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். முதுகைக் கிழிக்கக் கொடுத்து வாங்கிய ஆறு வாரத்தில் ஐந்து நாளை முட்டுக்கட்டை வைத்துத் திறந்துபோட்டவர் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அடுத்த மாசம் உள்பக்கமும் போட்டுடறேன்," என்றார்.

"அதெல்லாம் வேண்டாங்க. சாத்தினாப் போதும்."

அவர் தன் துண்டால் அவள் கண்ணையும் காதையும் துடைத்தார். குனிந்து மரத்துண்டை உருவினார். பிறகு தயங்கினார்.

"நான் உள்ள இருக்கட்டுமா? பேசமாட்டேன். அந்த ஓரமா உக்காந்துக்கறேன்."

அவள் அவர் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "நீங்களும் வெளியவே இருங்க. கோவிச்சுக்காதீங்க. எதாவது வேணும்னா போன் பண்றேன்."

கோபம் வரவில்லை. ஆனால் நெஞ்சில் ஓரிடத்தில் சுருக்கென்றது. அதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார்.

"ஏன்டா சாத்தறே?" என்றாள் அக்கா. "அவளுக்கு ஏதாவதுன்னா எப்படித் தெரியும்?"

"போன் பண்ணுவாக்கா."

"பத்தடி தூரத்துக்குப் போனா? நல்லா இருக்குடா. தள்ளு, என் பை உள்ள இருக்கு."

"அப்புறமா எடுத்துக்கலாம்."

"எப்புறம்?"

"அஞ்சு வாரம் கழிச்சு," என்றார் மாஸ்டர். விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்று அக்கா எழுந்து வந்தாள். அவர் சாப்பாட்டு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சிநேகிதியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். மாஸ்டர் எட்டி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் அவருக்கு என்னவென்று புரியவில்லை, பயந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டார். குறட்டை. நடுப்பகலில், வாய் திறந்து விடுகிற முரட்டுக் குறட்டை. இருபத்தெட்டு வருஷமாக அவருக்குப் பின்னால் தூங்கி அவருக்கு முன்னால் எழுந்தவள் குறட்டை விடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.