பின்வீட்டுக் கரண்ட்

என் தங்கை லிஜாவின் வீட்டுக்காரன் ஜித்தின் அன்று மத்தியானம் நெய்யாற்றின்கரை ரயில் நிலையத்திலிருந்து எனக்கு போன் செய்தான். ஆறு மாதமாக என்னோடு பேசாதவன். அவன் வாங்கிய கேரவன் வண்டியில் தங்க முதல் விருந்தாளிகள் வருகிறார்களாம். அவர்களைக் கூட்டிவரக் காத்து நிற்கிறானாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அளியா, நீ சொன்ன குழியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றான். "வண்டிக்குத் தமிழ்நாட்டு கரண்டுதான் பிடிக்கும் ஆக்கும்."

அவன் வீடு எல்லைமேல் இருக்கிறது. முன்வீடு கேரளம். இருபதடி பின்னால், ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் பழைய வீடு தமிழ்நாடு. இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். ஒரு பக்கம் கரண்ட் போனால் மறுபக்கத்திலிருந்து வயர் இழுத்து ஃபேன் போட்டுக்கொள்வார்கள். தப்புதான், ஆனால் அந்த வீட்டில் அது மூன்று தலைமுறைப் பழக்கம்.

நான் பாறசாலையில் கடை வைத்திருக்கும் வயர்மேன். ஜித்தின் பெருமையாகச் சொன்னது இதுதான். கேரவனை முன்வீட்டில் மாட்டினால் ஒவ்வொரு தடவையும் ட்ரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிடுகிறது. பின்வீட்டில் மாட்டினால் ஆகவில்லை, ஏ.சி. ஜோராக ஓடுகிறது. ஆகையால் முன்வீட்டு கரண்டில் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டான்.

முன்வீட்டில் நான் என் கையால் மாட்டிய ஈ.எல்.சி.பி. உண்டு. எங்கேயாவது கரண்ட் கசிந்தால், ஆளைக் கொல்லும் முன்னால் அது சட்டென்று விழுந்து கரண்டை நிறுத்திவிடும். கசிவது வண்டிதான். பின்வீட்டில் அது கிடையாது. எர்த்தும் பெயருக்குத்தான். காவல்நாய் குரைத்துத் தூங்கவிடவில்லை என்று, நாயே இல்லாத வீட்டில் போய்ப் படுத்திருக்கிறான் மடையன்.

லிஜா எங்கே என்று கேட்டேன். வண்டிக்குள் மெத்தை விரிக்கிறாள் என்றான். வண்டி இப்போதும் பின்வீட்டில்தான் மாட்டியிருக்கிறதா? ஆமாம், ஏ.சி. போட்டுக் குளிர வைத்திருக்கிறான். பின்வீட்டுச் சாவி? அவன் பையில். ரயில் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான், திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் கடைத் தகரத்தின்மேல் மழை விழத் தொடங்கியது.

பைக்கை எடுக்குமுன் லிஜாவை ஏழு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. அவள் எடுக்காததற்குக் காரணம் நான்தான். கிறிஸ்துமஸ் அன்று, சோறு தின்ற இடத்திலேயே சண்டை. கேரவனுக்குத் தனி லைன் வேண்டும், தனி ஈ.எல்.சி.பி. வேண்டும், மழை ஏறாத மூடிபோட்ட பெரிய சாக்கெட் வேண்டும், முற்றத்தில் கரியும் உப்பும் போட்டு ஒரு எர்த் குழி வேண்டும் என்றேன். முற்றம் முழுக்கப் புதிதாக இன்டர்லாக் சிமென்ட் கட்டை பதித்திருந்தான் ஜித்தின். ஒரு கட்டையைக்கூடப் பெயர்க்க விடமாட்டேன் என்றான். லிஜாவும் அவன் பக்கம் பேசினாள். கோபம் வந்தால் என் நாக்கு என் பேச்சையே கேட்காது. இந்த வண்டிக்குள்ளே நீ செத்துக் கிடந்தாலும் இனி இந்த முற்றத்தை மிதிக்கமாட்டேன் என்று, ஊர்ச்சனம் கேட்க, கூடப்பிறந்தவளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மிதித்தேன். பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். லிஜா கேரவன் வாசலில் நின்றாள். புது மிதியடி அழுக்காகிவிடும் என்று செருப்பைக் கீழே கழற்றிப் போட்டிருந்தாள். ஏறும்போது தரை காய்ந்திருக்கும். இப்போது அந்தச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. ஒரு கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைப் படியில் வைத்தாள். அடுத்த அடி தண்ணீரில்.

நான் கத்திவிட்டேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. அவள் முகம் இறுகிவிட்டது. விருந்தாளி வரும் நேரம் பார்த்துச் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். முன்வீட்டு அடுப்பில் மீன்குழம்பு கிடக்கிறது, வழியை விடு என்றாள். சட்டைப்பையிலிருந்து, கரண்ட் இருந்தால் கூவும் டெஸ்டர் பேனாவை எடுத்து வண்டிப் பக்கம் நீட்டினேன். தொடாமலே அது விடாமல் கூவியது. நீ பிடித்தால் அது எப்போதும் கூவும் என்றாள்.

குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"மக்கா, உள்ள போ. வண்டி முழுக்க கரண்ட் உண்டு. உள்ள இருக்கவரைக்கும் ஒனக்கு ஒண்ணும் ஆகாது. கை வண்டியிலும் கால் தண்ணியிலும் பட்டா தீந்துது."

அவள் உள்ளே போகவில்லை. ஆனால் படியிலிருந்து காலை எடுத்தாள். குதிக்கச் சொல்லலாம். ஈரத்தில் வழுக்கினால் எதையாவது பிடிக்கத்தானே கை போகும்? வயரை வெட்டலாம். கொட்டுகிற மழையில் கரண்ட் ஓடும் வயரில் கட்டிங் பிளேயரை வைத்தால் அப்புறம் என்னை யார் எடுப்பது? பின்வீட்டுப் பூட்டை உடைத்து மெயினை இறக்குவது ஒன்றுதான் வழி. ஆனால் அங்கே போனால் இவளைப் பார்க்க முடியாது. நான் முதுகைத் திருப்பியதும் இறங்கிவிடுவாள்.

போனை மட்டும் எடு, நான் வரும்வரை பேசிக்கொண்டிரு என்று கெஞ்சினேன். எட்டாவது தடவையாக அழைத்தேன். எடுத்தாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வீட்டுக்கு ஓடினேன். சுவரோரம் ஜித்தினின் கம்பிப்பாரை கிடந்தது. பழைய பித்தளைப் பூட்டு, லேசில் விடுவதாக இல்லை. இடித்தேன். பையிலிருந்து மழைச்சத்தமும் அவள் மூச்சும் கேட்டன.

"முற்றத்த மிதிக்கமாட்டேன்னுல்லா அண்ணே நீ சொன்ன," என்றாள். "பின்ன எதுக்கு வந்த?"

இடித்தேன். கொண்டி லேசாக அசைந்தது.

"நான் செத்தாலும் வரமாட்டேன்னுல்லா சொன்ன?"

"சொன்னேன். சொல்லப்பிடாது. தப்பு மக்கா."

அப்புறம் அவள் பேசவில்லை. மழைச்சத்தம் மட்டும். மூச்சும் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கொண்டி பெயர்ந்து கதவு திறந்தபோது என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. இருட்டில் துழாவி மெயினை இறக்கினேன். சாக்கெட்டிலிருந்து வண்டியின் பிளக்கையும் பிடுங்கி எறிந்தேன். பழைய சாக்கெட்டில் திணித்ததில் அதன் எர்த் பின் பாதியில் ஒடிந்திருந்தது. கம்பிப்பாரையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

லிஜா வண்டிக்குள் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். போன் மடியில். அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெஸ்டரை நீட்டிக் காட்டினேன். கூவவில்லை. எறங்கு என்றேன்.

"நீ மொதல்ல தொடு."

பாரையைக் கீழே வைத்தேன். ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு தண்ணீரில் நின்று உள்ளங்கையை வண்டியில் முழுசாக வைத்தேன். இருபது வருடத் தொழிலில் ஒரு தகரத்தைத் தொட இவ்வளவு பயந்ததில்லை. குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி, மிதந்த செருப்பைப் பிடித்துக் காலில் மாட்டினாள்.

அடுப்படியிலிருந்து மீன்குழம்பு தீயும் வாடை வந்தது. வாசலில் விருந்தாளிகளோடு ஜித்தினின் கார் திரும்பியது. லிஜா இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, பாரையைக் கையில் எடுத்தாள்.

"எர்த் குழி எங்க வெட்டணும்?" என்றாள்.

கேரவனுக்கும் முன்வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு இடத்தைக் காட்டினேன். காரிலிருந்து இறங்கிய ஜித்தின் வாயைத் திறக்குமுன், அவள் பாரையை இடுக்கில் செருகி முதல் இன்டர்லாக் கட்டையை நெம்பி எடுத்தாள்.