ஆளுக்கொரு வாரம்

அப்பா போன பிறகு வீட்டைப் பிரிப்பது எளிதாகத்தான் இருந்தது. நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுந்தது. ஏணி அண்ணனுக்கு, தண்ணீர் மோட்டார் தம்பிக்கு. கட்டில் ஆளுக்கொன்று. பீரோவும் அண்ணனுக்குப் போனது. அதன் சாவி எப்போதோ தொலைந்துவிட்டதால் தம்பிக்கு வருத்தமில்லை. பிரிக்க முடியாமல் வாசலில் நின்றது பிக்கப் வண்டி ஒன்றுதான். ஏற்கெனவே வேறு இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு அப்பா அதை வாங்கியிருந்தார். உண்மையைச் சொன்னால், யாரும் பிரிக்காமலே அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பிரிந்துகொண்டிருந்தது.

தீர்ப்புச் சொல்லப் பெரிய மாமா வந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்கக் கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்தி ஓய்வு பெற்றவர். ஆகவே நியாயம் அவருக்குக் கைவந்த கலை என்று உறவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். தொண்டையைச் செருமி, எதிரில் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வண்டி ஒண்ணு, ஆளு ரெண்டு. ஆளுக்கொரு வாரம் ஓட்டுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாவி கை மாறணும். யாரு வாரத்துல கெட்டுப்போகுதோ, அவங்க செலவு. இதுக்கு மேல ஒரு நியாயத்தை யாராவது சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டிருக்கவும் மாட்டார்.

மாமாவுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: வண்டி எப்படிக் கெடும் என்பது. வண்டி ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் முனகும், அப்புறம் இருமும், அப்புறம் எங்காவது கசியும். முனகல் அண்ணன் வாரத்தில் தொடங்கினால், தாஜா பண்ணி ஞாயிறு மாலை வரை ஓட்டிவிட்டால் போதும், இருமல் தம்பியுடையது. தம்பி மட்டும் என்ன, கையைச் சூப்பிக்கொண்டு இருப்பானா? இருமலைத் தட்டிக்கொடுத்து அடுத்த ஞாயிறு வரை கொண்டுபோனான். கசிவு அண்ணனுக்கு. இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டியை வெகு கவனமாகக் கவனிக்காமல் விட்டார்கள்.

டீசல் டேங்கில் மயிரிழை அளவு ஒரு வெடிப்பு விழுந்தது. அண்ணன் அதில் சோப்பைத் தேய்த்து அடைத்து ஒப்படைத்தான். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு நடுச்சாலையில் போகும்போது சோப்பு கரைந்தது. தம்பிதான் தன் செலவில் வெல்டிங் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். அன்று சாயங்காலம் வாசலில் நின்று அவன் பேசிய பேச்சில் அண்ணியின் பிறந்த வீடு வரைக்கும் வந்துபோனது. அதற்குப் பின் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஞாயிறு மாலை சாவியை வாசல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் நாணயம் தவறவில்லை.

பேசாத இருவருக்கும் பட்டறைக்காரர் ஒருவரே. முதலில் அவர் சந்தோஷப்பட்டாராம், ஒரு வண்டிக்கு இரண்டு வாடிக்கையாளர் என்று. போகப் போகத்தான் தெரிந்தது, இரண்டு பேரும் கேட்க மட்டுமே வருகிறார்கள், செய்ய வருவதில்லை என்று. கியர் பாக்ஸைத் திறந்தால் வண்டி விலையில் பாதி போய்விடும் என்றார். கிளட்ச் பிளேட்டுக்கு ஒரு மாதச் சம்பாத்தியம் என்றார். பிரேக் கட்டை தேய்ந்து, ஒரு மிதிக்கு நிற்காமல் இரண்டு மிதி கேட்கிறது, அதையாவது மாற்று என்றார். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சாவி திருப்பினால் டக் டக் என்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா, அதைச் சொல்லுங்க."

பட்டறைக்காரர் கையைக் கழிவுத் துணியில் துடைத்தார். "இதையேதான் உங்க அண்ணனும் போன வாரம் கேட்டான். குரல் கூட ஒண்ணுதான் உங்களுக்கு" என்றார்.

தாங்கியது. செல்ஃப் எடுக்காத நாட்களில் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் உசுப்பிக்கொள்ளும். இந்த வித்தையைத் தம்பி தானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அண்ணனும் அதையே செய்துகொண்டிருந்தான். தம்பிக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைச் சொன்னால் ரசிக்கக்கூடிய ஒரே ஆள் கீழே வண்டியை உருட்டிக்கொண்டிருந்தான்.

அது அண்ணனின் வாரம். வெயில் ஏறத் தொடங்கிய காலை. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் யாரோ தட்டினார்கள். வழக்கமாக டி.வி. சத்தத்துக்குத்தான் தட்டுவார்கள், இங்கே டி.வி. ஓடவில்லை. மறுபடியும் தட்டு, இந்த முறை உள்ளங்கையால். அப்புறம் அண்ணியின் குரல்: "தம்பி, கொஞ்சம் வாங்களேன்."

அண்ணி அவனைத் தம்பி என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாயுப்பிடிப்பு, வேறொன்றுமில்லை என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டாயிற்றாம். வண்டி வேறெங்கோ போயிருக்கிறது, காத்திருங்கள் என்று பதில் வந்ததாம். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன; எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தம்பி மனைவியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

தம்பி சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். டக். டக். டக். அவ்வளவுதான்.

இறக்கம் காலியாக இல்லை. எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள், வேலையாட்கள் அன்று வரவில்லை. வழியை அடைத்து ஜல்லி கொட்டியிருந்தது. ஆகவே அண்ணன் முந்தின நாள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியிருந்தான். தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ள ஒரு ஆள் போதாது. அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. தம்பி வண்டியில் ஏறினால் அண்ணி ஒருத்தியால் தள்ள முடியாது. இந்தக் கணக்கைத் தம்பி வாசலில் நின்று இரண்டு முறை போட்டுப் பார்த்தான். அதற்குள் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, ஏறி, உட்கார்ந்து, கிளட்சை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் தம்பியைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

தள்ளினார்கள். அண்ணியின் செருப்பு ஒன்று கழன்று பின்னால் போனது. வேகம் வந்ததும் தம்பி வண்டியின் பின்பலகையில் தட்டினான், அண்ணன் கிளட்சை விட்டான், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கியர் நழுவி, செத்த மாடு மாதிரிப் படுத்துக்கொண்டது. இரண்டாவது கியர் நிற்காது. கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அது அண்ணனுக்குத் தெரியாததல்ல, பிடிக்க வேண்டிய கைதான் வலிக்கிற கை. மறுபடி தள்ளினார்கள். இந்த முறை அவன் பிடித்தான். என்ஜின் கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது.

அண்ணன் நடுவுக்கு நகர்ந்துகொண்டான். ஜன்னலோரம் அண்ணி. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தான். அப்பா இருந்தபோது மூன்று பேரும் இப்படி நெருக்கியடித்து உட்கார்ந்து லோடுக்குப் போனதுண்டு. அப்போது ஜன்னலோரம் அப்பா இருப்பார். தம்பி இரண்டாவது கியரைப் போட்டதும், கேட்காமலே அண்ணனின் கை வந்து கியர் தண்டைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவதுக்கு மாற்றும்போது தம்பி அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்து மாற்றினான். ஈரமாக, குளிர்ந்திருந்தது.

சந்தியில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. தம்பி பழக்கத்தில் முன்கூட்டியே இரண்டு மிதி மிதித்தான். வண்டி பொட்டென்று நின்று மூவரும் முன்னால் போய் வந்தார்கள்.

"ஒரு மிதி போதும்" என்றான் அண்ணன். ஒரு வருடத்துக்குப் பின் அவன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. "கட்டை மாத்திட்டேன்."

"எப்போ?"

"உன் வாரத்துக்கு முன்னாடி."

அப்படியானால் தம்பி போன வாரம் முழுக்கப் புது பிரேக்கை இரண்டு இரண்டு முறை மிதித்து ஓட்டியிருக்கிறான். தேய்ந்துதான் இருக்கும் என்ற நம்பிக்கை, அண்ணன் மாற்றியிருக்கவே மாட்டான் என்ற நம்பிக்கை, காலுக்கே வந்துவிட்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல."

"எங்க சொல்றது? நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "என்னை ரொம்ப நல்லவனாக்கிடாத. பசங்களை ஸ்கூலுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போற. அதான்."

பேசாதீங்க, பேசாதீங்க என்று அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பி சாலையைப் பார்த்தபடி சொன்னான், "கியரையும் பார்த்துடலாம்ணா. ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுடலாம்."

அண்ணன் ஆகட்டும் என்றானா, இருமினானா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முன் ஒரு மேடு. மூன்றாவதில் ஏறாது. தம்பி இரண்டாவதுக்கு இறக்கினான். அண்ணனின் கை தண்டின் மேல் இருந்தது. பாதி மேட்டில் அந்தக் கை தளர்ந்து விழுந்தது, கியர் நழுவியது. என்ஜின் இழுக்க ஒன்றுமில்லாமல் சும்மா அலறியது. வண்டி ஒரு கணம் நின்று, மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. தம்பி பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தான். நின்றது. திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. அண்ணி இன்னும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று ஆரம்பித்த மருத்துவர், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். படித்தவர்.

துக்கத்துக்கு வந்த பெரிய மாமா வாக்கியங்களை முடிக்கும் ரகம். "வண்டின்னு ஒண்ணு வீட்ல இருந்ததாலதான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்குமாவது போக முடிஞ்சது. அன்னிக்கே யோசிச்சுத்தான் விக்க வேணாம்னு சொன்னேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு, வண்டியை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அடுத்த தீர்ப்பும் அவருடையதே. ஆளையும் அவரே கூட்டிவந்தார், ஒரு மரக்கடைக்காரரை. வாசலில் நின்று, ஒரே குடும்பம் ஓட்டிய வண்டி, பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள், கையில் எண்ணெய் படாமல் ஓட்டலாம் என்று மாமா அளந்துகொண்டிருந்தார். அண்ணி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

மரக்கடைக்காரர் தம்பியிடம் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார், வண்டியில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று. விற்கிறவன் இல்லை என்பான், வாங்குகிறவன் நம்பமாட்டான், வியாபாரம் அங்கிருந்து தொடங்கும்.

தம்பி சொல்லத் தொடங்கினான். இரண்டாவது கியர் நிற்காது, பிடித்துக்கொண்டே போக வேண்டும், பெட்டியைத் திறந்தால் பெரிய செலவு. கிளட்ச் வழுக்குகிறது, பாரம் ஏற்றினால் தீய்ந்த வாசனை வரும். என்ஜின் ஆயில் குடிக்கிறது, காலையில் வருகிற நீலப் புகை அதுதான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேன் கூடவே வர வேண்டும். அந்தப் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. டேங்க் பற்றவைத்தது. செல்ஃப் எடுக்காது. ஒன்றைச் சொல்லும்போதே அடுத்தது ஞாபகம் வந்தது. எவ்வளவோ நாளாக யாரிடமோ சொல்வதற்குச் சேர்த்து வைத்திருந்ததுபோல, கோபமில்லாமல், ஒவ்வொன்றாக, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

மாமா செருமினார். அப்புறம் நன்றாகவே இருமினார்.

"நீங்க விக்கிறீங்களா, இல்ல என்னை விரட்டுறீங்களா?" என்றார் மரக்கடைக்காரர்.

"தம்பி" என்று அண்ணி கூப்பிட்டாள். "அந்த செல்ஃப், அது கெட்டிருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அவருக்கு?"

"தெரியும். ஒரே ஆளுதான் ரெண்டு பேர்கிட்டயும் சொன்னாரு."

அதெல்லாம் இப்போது எதற்கம்மா என்று மாமா குறுக்கே புகுந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"சரி பண்ண எவ்வளவு ஆகியிருக்கும்?"

ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கலாம். கியர் பாக்ஸுக்குச் சொன்னதையே சொல்லியிருந்தால் அவளால் சோதிக்கவா முடியும்? எங்களால் முடியாத செலவு அது என்று இரண்டு வீட்டிலும் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் இப்போதுதான் எல்லாக் கோளாறையும் உள்ளது உள்ளபடி சொல்லிப் பழகியிருந்தான். வாய் அந்த வழியிலேயே போனது.

"உள்ள ஒரு கார்பன் துண்டுதான் தேஞ்சிருக்கும்னு பட்டறைக்காரர் சொன்னாரு. வண்டியோட அரை நாள் வாடகை அண்ணி."

அண்ணி, கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டுக்கொள்கிறவளைப்போலத் தலையை அசைத்தாள். அவள் ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று தம்பி காத்திருந்தான். அந்தப் பழைய சண்டையில் தான் பேசியதற்கெல்லாம் சேர்த்தே திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் மரக்கடைக்காரரைப் பார்த்து, நீங்கள் என்ன விலை சொன்னாலும் சரி, இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாள். பின் உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, சாத்தவே இல்லை.

மாமாவும் மரக்கடைக்காரரும் விலை பேசத் தொடங்கினார்கள். தம்பி பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.