கோட்டைச் சுற்றுலாவின் புது டிரைவர்

காலை ஏழரை மணிக்கு வெள்ளை பஸ் வந்து நின்றதும் சொரானா முதலில் பார்த்தது டிரைவரின் கைகளைத்தான். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்காரும் ஆள் பிரஷோவ் நகரத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனோடு அவள் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தாள். விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

கவ்ரில் கண்ணாடியை இறக்கினான்.

"பெட்ருவுக்குச் சிறுநீரகத்துல கல்லாம். அவருக்குப் பதிலா ஓட்டச் சொல்லி நேத்து சாயங்காலம் ஃபோன் வந்துச்சு. கைடு யாருன்னு சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்."

"எங்கிட்ட டிரைவர் யாருன்னு சொல்லியிருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."

"அப்ப சொல்லாம விட்டது நல்லதாப் போச்சு. பதினெட்டுப் பேரும் வீட்டுலயே உக்காந்திருப்பாங்க."

பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். சண்டை போட நேரமில்லை. சண்டை போட ஒன்றும் மிச்சமும் இல்லை. "வழியில ரெண்டு இடத்துல ரோடு வேலை நடக்குது. பாத்துப் போங்க, டிரைவர் சார்" என்றாள்.

"போங்க"வும் "சாரு"ம் அவன் காதில் விழுந்தன. நீதிமன்றத்துக்கு வெளியே கூட அவள் "நீ" என்றுதான் பேசியிருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

அவர்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கவ்ரில் இத்தாலிக்கு லாரி ஓட்டினான். மாதத்தில் ஐந்து நாள் வீட்டிலிருப்பான், அதில் மூன்று நாள் தூங்குவான். மகள் இலிங்கா க்ளூஜில் படிக்கப் போன பிறகு, அவன் வரும் நாட்களில் வீட்டில் இடம் குறைவதுபோல சொரானாவுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவன் நாற்காலியில் அவளுடைய கைப்பை இருக்கும். அவன் வந்தால் அதை எடுக்க வேண்டும். ஒருநாள் எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். அதற்கப்புறம் பேசி முடிவெடுக்க அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

ஃபகராஷ் போகிற சாலையில் வலதும் இடதும் சோளக்கொல்லை. சொரானா மைக்கை எடுத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு வாய் தானாகப் பேசும். இன்று முதல் இரண்டு வாக்கியம் தடுக்கியது. மூன்றாவது வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் உடனே கையைத் தூக்கினார். பெயர் வலேரியான், ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க. நான் குறிப்பெடுக்கறேன்."

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கு நாக்கு சரியாகிவிட்டது.

ஃபகராஷ் கோட்டையின் அகழியில் அன்னங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பாலத்தைத் தாண்டி உள்முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி அவள் கதையைத் தொடங்கினாள். இந்த நாட்டை ஆண்ட இளவரசர்கள் கோட்டையைத் தங்கள் மனைவிகளுக்கு எழுதி வைத்தது, அந்தப் பெண்கள் கணக்கெழுத்தரையும் காவல் தலைவனையும் தாங்களே வைத்து நிர்வாகம் பண்ணியது, பிற்காலத்தில் அதே அறைகளில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். கைதிகளைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த மாட்டாள், கூட்டவும் மாட்டாள். வந்தவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வெளியே வரும்போது வலேரியான் கேட்டார். "அப்ப அந்தக் காலத்துலயே சொத்தெல்லாம் பெண்டாட்டி பேர்லதானா?"

"இந்தக் காலத்துலயும் அப்படித்தான் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என் வீட்டையும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்."

சொரானா திரும்பினாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, உப்பு ஒட்டிய வளைய ரொட்டியைக் கடித்தபடி கவ்ரில் நின்றுகொண்டிருந்தான். பயணிகளுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் சிரித்தார்கள். அவளும் கடைவாயில் சிரித்துவிட்டு, அதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டாள்.

அடுத்தது ருப்பேயா. கறுத்த பாறைக் குன்றின் தலையில் ஏறி உட்கார்ந்த கோட்டை அது. பெட்ருவாக இருந்தால் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கியிருப்பார். சொரானா இரண்டாவது வாசலுக்குள் நுழைந்து தலைகளை எண்ணினாள். பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான். கடைசியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தவன்போல கவ்ரில் நின்றான். மறு கையில் நுழைவுச் சீட்டு.

அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். ஆழமான கிணற்றைக் காட்டினாள். ஊர் முழுக்க மாடு கன்றோடு இந்தச் சுவர்களுக்குள் வந்து ஒண்டிக்கொண்ட போர்க்காலங்களைச் சொன்னாள். "கோட்டையப் பத்தி முதல்ல எழுதி வெச்சது ஆயிரத்து முந்நூத்தி இருபதுல" என்றாள்.

"இருபத்தி நாலு" என்றார் வலேரியான்.

"இருபத்தி நாலு. மன்னிச்சுக்குங்க."

"நீங்க நல்லாத்தான் சொல்றீங்க. நாலு வருஷம் மட்டும் விட்டுப்போச்சு."

அந்த நாலு வருடம் அவளை ஒரு நொடி நிறுத்தியது. பிறகு கடைசிப் பகுதிக்கு வந்தாள். எந்தப் பகைவனாலும் அழியாத கோட்டைக்கு ஒரு கோடைப்புயல் வந்தது, கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது, அதற்கப்புறம் ஜனங்கள் கோட்டையைக் கைவிட்டு விட்டார்கள், இருநூறு வருடத்துக்கு மேல் வெறும் சுவராக நின்றது.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. கவ்ரில்.

"கேக்கலாமா?"

"கேளுங்க."

"கூரைதானே போச்சு. ஏன் திரும்பப் போடல?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பல நூறு முறை இந்த இடத்தில் நின்று பேசியிருந்தாள், ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"சண்டையெல்லாம் ஓய்ஞ்சிருச்சு" என்றாள். "கோட்டை இல்லாம இருக்க முடியும்னு பழகிட்டாங்க. ஆளாளுக்குக் கீழ வீடு இருந்துச்சு. மேல ஏறி வந்து கூரை போடணும்னா யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணுமில்ல? ஒருத்தரும் ஆரம்பிக்கல."

கவ்ரில் தலையாட்டினான். கையை இறக்கிக்கொண்டான்.

கடைசிக் கோட்டை நகரமான சிகிஷோவாராவுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டு. வண்டி ஆற்றங்கரைத் திடலில் நின்றது. அங்கிருந்து மேலே நடந்துதான் ஏற வேண்டும். கூழாங்கல் பாவிய தெருக்கள், மஞ்சளும் பச்சையும் பூசிய வீடுகள், தையற்காரர் கோபுரம், தகரக் கொல்லர் கோபுரம். கோபுரங்களுக்கு நடுவே இன்றைக்கும் ஜனங்கள் துணி காயப்போட்டு, ஜன்னலில் செடி வைத்துக் குடியிருக்கிறார்கள். சொரானா மணிக்கூண்டு வரை எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "இனி உங்க நேரம். சரியா அஞ்சு மணிக்கு வண்டிக்கு வந்துடுங்க" என்று அனுப்பிவிட்டாள். புளிப்பு சூப் குடிக்கப் போன கடையில் கவ்ரிலும் இருந்தான். ஒரு மேசை தள்ளி உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குப் பதினேழு பேர் இருந்தார்கள். வலேரியானைக் காணோம்.

ஐந்து பத்துக்கும் வரவில்லை. கைபேசியை அவர் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்ததை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். எழுபத்தாறு வயது, நல்ல வெயில். சொரானா ஆட்களை மரநிழலில் உட்காரச் சொல்லிவிட்டு அவரைத் தேடிக் கிளம்பினாள். கவ்ரிலும் கூட வந்தான்.

"நீங்க வண்டியப் பாருங்க."

"வண்டி எங்கயும் போகாது."

மணிக்கூண்டு அருங்காட்சியகத்தில் இல்லை. சந்தைச் சதுக்கத்தில் இல்லை. தொப்பி போட்ட கிழவரைப் பார்த்தீர்களா என்று கேட்டால், ஐஸ்கிரீம் கடைக்காரி ஆறு தொப்பிக் கிழவர்களைக் கைகாட்டினாள். மிச்சமிருந்தது குன்றின் உச்சியிலிருக்கும் தேவாலயம். அதற்குப் போக மரக்கூரை போட்ட நீளப் படிக்கட்டு. பனிக்காலத்தில் பிள்ளைகள் நனையாமல் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காகக் கட்டியது. நூற்றெழுபத்துச் சொச்சம் படிகள். நூறாவது படியருகே கவ்ரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சு?"

"கிளட்ச் மிதிச்ச கால். ரெண்டு நிமிஷம்."

உள்ளே குளுமையாகவும் அரையிருட்டாகவும் இருந்தது. பலகை இடுக்குகளில் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்தது. அவளும் இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"சொரானா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நான் இத்தன வருஷமா நீ ஒரு பேப்பரப் பாத்துப் படிக்கறேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். விமான நிலையத்துல அறிவிப்புப் பண்ற பொண்ணு மாதிரி. இன்னிக்குக் காலைல அந்தக் கைதிங்க கதை... ரொட்டிய மெல்லவே மறந்துட்டேன்."

"ரொட்டி தின்னுக்கிட்டே ஜோக் அடிச்சதப் பாத்தேனே."

"அது வெளிய வந்தப்புறம். உள்ளயும் வந்தேன். தூணுக்குப் பின்னால நின்னேன்."

அவள் குனிந்து அவனைப் பார்த்தாள்.

"ஃபோன்ல உன் குரல்ல நான் கேட்டதெல்லாம் கேஸ் பில்லு, இலிங்காவோட காய்ச்சல், எப்ப வர்ற, இவ்வளவுதான். இத்தாலில, போலோன்யால லாரியோட கிடக்கும்போது, என் பொண்டாட்டி இப்படிப் பேசுவான்னு யாராவது சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?" என்றாள். சட்டென்று கோபம் பொங்கியது. "யாரு சொல்லணும்? எத்தனை தடவ கூப்பிட்டேன், ஒருநாள் வண்டில ஏறி வான்னு! 'நானே ஓட்டிக் களைச்சு வந்திருக்கேன், லீவு நாள்லயும் வண்டியா'ன்னு சொன்னது நீதானே? உன்னச் சொல்லி என்ன பண்ண. தூங்கினே. தூங்கி எந்திரிச்சுப் போயிட்டே!"

"ஆமா" என்றான் கவ்ரில். வாதாடவில்லை. "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது இருவருக்குமே தெரிந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

மணிக்கூண்டில் ஐந்தரை அடித்தது. கவ்ரில் தலையை நிமிர்த்தினான்.

"அந்தக் கிழவன் தூக்கம் வந்தா எங்க போவான்?"

"வண்டிக்குத்தான். வண்டி பூட்டியிருந்துதே."

"நம்ம வண்டி பூட்டியிருந்துச்சு. பக்கத்துல இன்னொரு வெள்ளை வண்டி நின்னுச்சு, பாத்தியா? அதே மாடல். கதவத் தொறந்து போட்டு ஏசி ஓடவிட்டிருந்தான். க்ளூஜ் வண்டி. அஞ்சே முக்காலுக்குக் கிளம்பறேன்னு அந்த டிரைவர் எங்கிட்ட சொன்னான்."

இருவரும் எழுந்தார்கள். இறங்குவது ஏறுவதைவிட மோசம். ஐந்தாறு படியிலேயே அவன் முகம் சுருங்கியது. சொரானா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டா உருண்டுருவேன்" என்றான். "பேசாம இறங்கு" என்றாள். கல் தெருவில் ஒரு கல்யாணக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் நீண்ட வெள்ளைத் துணியை மிதிக்காமல் தாண்டி ஓடினார்கள்.

க்ளூஜ் வண்டி பின்னால் நகர ஆரம்பித்திருந்தது. கவ்ரில் நொண்டிக்கொண்டே போய் அதன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். கடைசி வரிசையில், முகத்தின்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, வலேரியான் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார். சொரானா தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"பிரஷோவ் வந்துருச்சா?"

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா க்ளூஜ் வந்திருக்கும் சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சீட்டு இவ்வளவு மெத்துனு இருக்கும்போதே சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார்.

திரும்பும் வழியில் அவள் மைக்கைத் தொடவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள். ருப்பேயா குன்று இடது பக்கம் வந்து பின்னால் போயிற்று. பிரஷோவில் எல்லோரும் இறங்கினார்கள். வலேரியான் தம் குறிப்பேட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருவர் கையையும் குலுக்கிவிட்டுப் போனார்.

கவ்ரில் துடைப்பத்தை எடுத்தான். சொரானா வழக்கத்தில் இல்லாதபடி வண்டியிலேயே நின்று காலித் தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"பெட்ரு இனி வரப்போறதில்ல" என்றான் அவன், குனிந்து பெருக்கிக்கொண்டே. "ஆபரேஷன். அதோட ஓய்வு. இந்த ரூட்ட எடுத்துக்கறியான்னு முதலாளியம்மா கேட்டிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். உனக்கு வேணாம்னா சொல்லு, இத்தாலி லாரி எனக்காகக் காத்துக்கிட்டுதான் இருக்கு."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். இரண்டு முடிச்சு.

"வேலைக்கு வா" என்றாள். "வீட்டுக்கு இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும் அவன்தான் ஓட்டினான். சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இலிங்கா முதலில் நம்பவில்லை, பிறகு ஆளுக்கொரு தடவை ஃபோன் பண்ணுவதை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மதியம் ஒரே தடவை கூப்பிட்டாள். அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. கவ்ரில் மட்டும் முழங்காலுக்கு ஒரு பட்டை மாட்டிக்கொண்டு, வாராவாரம் ஒரு சீட்டு வாங்கிக் கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றான்.

அதில் சொரானாவுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. பயணிகள் வாரம் ஒரு கூட்டமாக மாறிக்கொண்டேயிருந்தார்கள். மாறாமல் ஒரு ஆள் நின்று கேட்கிறான். சொன்ன வரியையே திரும்பச் சொல்லும்போது அந்தக் கண்கள் ஒரு வார்த்தை முன்னாலேயே அவளுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அக்டோபர் மாதம் சுற்றுலாப் பருவம் முடிந்து வண்டியை ஷெட்டில் விட்டதும் அவள் நகர நூலகத்துக்குப் போனாள். பனிக்காலம் முழுக்கப் படிப்பதற்கென்று கோட்டைகளைப் பற்றி நான்கு தடித்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.