தண்ணீர்த் தொட்டி நிறுத்தம்

பஸ் டிரைவருக்கு ‘பிரேக்கு’ என்று பட்டப்பெயர் வைத்தது அவனோடு ஓடிய கண்டக்டர்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒருவன் ஓடி வந்தாலும் நிறுத்துவான். சாலையோரம் சும்மா தலையைச் சொறிந்தவனுக்கும் நிறுத்தி, திட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவான். ஒருநாள் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு விழித்துக்கொண்டு நின்ற சலவைக்கடைப் பெண்ணுக்காக, முழு பஸ்ஸையும் பின்பக்கமாகவே ஓட்டி வந்தான். உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருஷமே அவள் அவனுக்குப் பெண்டாட்டி. “பின்னால வந்த பஸ்ல ஏறினவ, இனிமே எறங்கவே மாட்டா பாருங்க” என்று கண்டக்டர் கல்யாணத்தில் வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அப்புறம் நாட்டில் சண்டை வந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவனைச் சும்மா விடுவார்களா? சீருடையை மாட்டி, மாவு மூட்டையும் குண்டுப் பெட்டியும் ஏற்றிய லாரி ஒன்றில் உட்கார வைத்தார்கள். லாரிகள் வரிசையாகப் போகும். யார் கை காட்டினாலும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். நின்றதைக் காட்டுக்குள் இருப்பவர்கள் சுட்டுத் தள்ளுவார்கள். மனிதர்களுக்காக நிறுத்துவதையே தொழிலாக வைத்திருந்தவனைத் தேடிப் பிடித்து இந்த வேலைக்கு வைத்தார்களே, அந்தப் புத்திசாலி யாரென்று தெரியவில்லை.

சண்டை முடிந்து திரும்பி வந்தான். கை, கால், கண், காது எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்ததைத் தெரு சரிபார்த்துக்கொண்டது. “முழுசா வந்துட்டாரே, குடுத்து வெச்சவடி நீ” என்று எதிர்வீட்டுக்காரி வந்து பெருமூச்சு விட்டாள். ஆனால் வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மறுபடி அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் பழைய ஆள் திரும்பிவிடுவான் என்று அவள் நம்பினாள். அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு டிப்போவுக்கு நடையாய் நடந்தாள். மேனேஜர் கடைசியில் இறங்கி வந்தார். “ஒரு வாரம் ஓட்டிக் காட்டட்டும்மா. அப்புறம் பாக்கலாம்.”

முதல் நாளே சந்தி சிரித்தது. கை நீட்டி நின்றவர்களை எல்லாம் தாண்டிக்கொண்டு பறந்தான். கண்டக்டர் அடித்த மணி அவன் காதில் ஏறவே இல்லை. “அண்ணி, கை நீட்டினவனைப் பாத்தாப் போதும், அண்ணனுக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுது. மேனேஜர் காதுக்குப் போறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க” என்று அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னான் கண்டக்டர்.

அவள் பண்ணினாள். சலவைக்கடைக்கு லீவு போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். நிறுத்தம் வருவதற்கு முன்பே குனிந்து அவன் காதோரம், “ஏங்க, நான் எறங்கணும்” என்பாள். நிறுத்துவான். இறங்குவாள், நின்றவர்கள் ஏறுவார்கள், அவளும் ஏறிக்கொள்வாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கூத்து. “பிரேக்கைக் கழட்டிப் பின்சீட்டுல வெச்சிருக்காங்கப்பா” என்று பஸ்ஸில் வரும் காய்கறிக்காரர்கள் கேலி பேசினார்கள். பேசட்டுமே. பஸ் நின்றது. ஒரு மாலை அவன் லேசாகச் சிரித்ததாகக்கூட அவளுக்குப் பட்டது.

கடைசி நாள் பஸ் கிளம்பும் இடத்திலேயே மேனேஜரும் வந்து ஏறினார். “இந்தாம்மா, எறங்கு. புருஷன் ஓட்டுறதைத்தான் நான் பாக்கணும்.”

இறங்கினாள். பஸ் சந்தையைச் சுற்றிக்கொண்டுதான் முதல் நிறுத்தமான தண்ணீர்த் தொட்டிக்கு வர வேண்டும். அவள் குறுக்குச் சந்தில் விழுந்தடித்து ஓடினாள். முதல் நிறுத்தத்தில் நின்றுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அதுவும் அந்த நிறுத்தத்தில், அவளைப் பார்த்து, நிற்காமல் போவானா?

பஸ் வந்தது. சாலையில் ஓரடி இறங்கிக் கையை நீட்டினாள். அவன் பார்த்தான், கண்ணும் கண்ணும் நன்றாகவே பார்த்துக்கொண்டன. உடனே தலையை ஸ்டியரிங்குக்குள் புதைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். அவள் பின்னால் துள்ளிக் குதித்திராவிட்டால் அவ்வளவுதான். பஸ் எங்குமே நிற்காமல், மேனேஜர் கத்தக் கத்த, கடைசி நிறுத்தத்தில்தான் போய் நின்றது. அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவன் பழைய இடத்தில், பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். சன்னல் திறந்திருந்ததால் எதிர்வீட்டுக்காரிக்கு எல்லாம் கேட்டது.

“நான் நின்னதைப் பாக்கலையா நீங்க?”

“பாத்தேன்.”

“நான்தான்னு தெரியலையா?”

“தெரிஞ்சுது. அங்கயும் ஒருத்தி இப்படித்தான் ரோட்டுல எறங்கிக் கை நீட்டினா. இன்னொரு கையில எதையோ துணியில சுத்தி வெச்சிருந்தா. நிறுத்தினா பின்னாடி இருக்கிறவங்க செத்துருவாங்க.”

அப்போது நிறுத்தினானா என்று அவள் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரியாக இருந்தால் கேட்டிருப்பாள்.

“இன்னைக்குப் பின்னாடி யாருங்க இருந்தாங்க? நாலு காய்கறிக்காரங்களும் மேனேஜரும்தானே?”

“ஆமா,” என்றான். “எல்லாரும் உசுரோட எறங்கினாங்கல்ல?”

அவள் எழுந்து வந்து சன்னலைச் சாத்தினாள்.

இப்போது அந்தத் தடத்தில் புது டிரைவர். நல்ல பையன், தண்ணீர்த் தொட்டி அருகில் அவளைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுகிறான். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, சலவைக்கடைக்கு நடந்தே போகிறாள்.