இரண்டாவது பிரேக்

தும்மல் வரப்போகிறது என்று மூக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே டன் தலையணையை எடுத்து, வயிற்றோடு சேர்த்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு காத்திருந்தான். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் தும்மல் சீக்கிரம் வந்துவிடும் என்று ஜன்னலைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்தான். தும்மல் அதற்கெல்லாம் ஏமாறவில்லை. ஆபரேஷனுக்காக வயிற்றில் போட்டிருந்த துளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. இடது பக்கத்துத் துளை மட்டும் மற்றவை அடங்கிய பிறகும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது. சமையலறையிலிருந்து மனைவி "என்ன?" என்று கேட்டாள். "தும்மல்" என்றான். குரலில் வலி தெரியாதது அவனுக்கே திருப்தியாக இருந்தது.

டன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். புதிதாக மாட்டிய லிஃப்ட் சுமை தாங்குகிறதா என்று பார்க்க இரும்புக் கட்டிகளை அடுக்கி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை கட்டிகள் வந்துசேரத் தாமதமானபோது, காத்திருந்த கூட்டம் இவனைப் பிடித்து லிஃப்டுக்குள் நிறுத்தி, "சோதனை முடிஞ்சுது, கையெழுத்துப் போடலாம்" என்றது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொருவன் வாயைத் திறப்பதற்குள் தன் உடம்பைப் பற்றித் தானே ஒன்றைச் சொல்லி முந்திக்கொள்வது அவன் வழக்கம். நெரிசலான லிஃப்டில் அவன் கால் வைத்ததும் சுமை மிஞ்சிவிட்டதென்று மணி அடித்தால், வெளியே இறங்கி நின்று, "நீங்க போங்க, நான் லாரியில வரேன்" என்பான். கதவு மூடுகிறவரை உள்ளே சிரித்துக்கொண்டிருப்பார்கள். கதவு மூடிய பிறகு அவன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பிறகு ஒரு நாள் லிஃப்ட் பெட்டியின் கூரைத் திறப்பில் அவன் மாட்டிக்கொண்டான். மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே ஒருவன் தள்ள, சட்டை கிழிந்து வெளியே வந்தான். அன்றைக்கும் ஜோக் அடித்தான். ஆனால் மறுவாரமே மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, இனிமேல் ஆபீசில் உட்கார்ந்து போனில் புகார் எடுத்தால் போதும் என்றார். மோட்டார் ஓடுகிற சத்தத்திலேயே எந்த இடத்தில் தேய்கிறது என்று சொல்லக்கூடியவனுக்கு போன் மேஜை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எடை குறைக்கும் ஆபரேஷன் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

மனைவிக்கு அதில் சுத்தமாக இஷ்டமில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒடிசலான உடம்பு, நிமிர்ந்த முதுகு. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை லேசாக வைத்துக்கொண்டேதான் ஊரைச் சுற்றுவாள். நல்லா இருக்கிற வயிற்றை எதற்கு வெட்டித் தைக்க வேண்டும் என்றாள். நான் உங்களை எடை பார்த்தா கட்டிக்கிட்டேன் என்றாள். அவன் விடவில்லை. ஒரு சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, அப்புறம் வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

அவ்வளவுதான். அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான், ஆபரேஷன் அறைக்கு வெளியே சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். வீட்டுக்குக் கூட்டி வந்து வடிகட்டிய சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மடக்கு மடக்காகக் குடிக்கிறானா என்று எதிரே உட்கார்ந்து பார்த்ததும் அவள்தான். இவ்வளவையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் மனசு பூண்டுப் பேச்சைத்தான் பிடித்து வைத்துக்கொண்டது. கேட்டு வாங்கிய வலி. அதை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வலிக்கான மருந்து திரவமாகத்தான் கொடுத்திருந்தார்கள். வலி இருக்கிறதோ இல்லையோ வேளை தவறாமல் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அளவு மூடியில் ஊற்றிக்கொண்டு வருவாள். "வலிக்குதா?" என்பாள். அந்தக் கேள்வி மட்டும் இல்லாமலிருந்தால் அவன் குடித்திருப்பான். "பரவாயில்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அவள் அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்கள் முகத்தில் எதையும் காட்டமாட்டார்கள், கால் காட்டிக்கொடுத்துவிடும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அதனால் அவன் போர்வையைக் கால்வரை இழுத்து விட்டுக்கொள்வான். மருந்து திரும்பவும் பாட்டிலுக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் தினமும் போனில் கூப்பிட்டாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பாள். முதல் நாளே அவன் அதை மாடிக் கணக்காக மாற்றிவிட்டான். "லிஃப்ட் இரண்டாவது மாடியில நிக்குது, சிஸ்டர். கதவு நல்லா தொறக்குது." நர்ஸ் சிரிப்பாள். இந்த மாதிரி நோயாளி கிடைத்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்பாள். உண்மையில் லிஃப்ட் எட்டாவது மாடியைவிட்டு இறங்கவே இல்லை. ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றிய காற்று மேலே ஏறித் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. வயிற்றை வெட்டினால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. நடந்தால் குறையும் என்றார்கள். மனைவி வகுப்பெடுக்கப் போன நேரமாகப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தான்.

அப்படி அவள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானத்தில் மீசை வந்தான். மீசை அவனுடன் லிஃப்ட் குழியில் இறங்குகிறவன். ஒரு கையில் ஆரஞ்சுப் பழங்கள், இன்னொரு கையில் டன் மோட்டார் அறையில் விட்டுவிட்டு வந்த கருவிப் பை. பழம் சாப்பிட இன்னும் நாளாகும் என்று தெரிந்ததும் மீசையே ஒன்றை உரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். அப்படியே கதையும் ஆரம்பமானது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நாலைந்து பேரோடு மாட்டிக்கொண்டானாம். இவர்கள் வியர்க்க விறுவிறுக்கக் கதவை நெம்பித் திறந்தால், உள்ளே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் பேனாவைக் கையில் பிடித்திருந்தான். ஏஜென்ட் இவர்களைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷம் கழித்துத் திறக்கக் கூடாதா என்று கேட்டானாம்.

டன் சிரித்தான். தலையணை கைக்கு எட்டுவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. நிறுத்தப் பார்த்தால் இன்னும் வந்தது. கண்ணில் நீர் கொட்டியது. மீசைக்கு ஒரே சந்தோஷம். பேனா பிடித்திருந்த ஆள் முழித்த முழியை இன்னொரு முறை நடித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினான்.

அதற்குப் பிறகு வலி ஒரு மாதிரி நிதானமாக வந்து எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டது. மருந்து பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கையைத் தூக்கினால் எட்டும். கையைத் தூக்கத்தான் முடியவில்லை. எடுத்தாலும் அளவு குறைந்திருப்பதை அவள் பார்ப்பாள். கருவிப் பை காலடியிலேயே கிடந்தது. அதன் பக்கப் பையில் முதுகுவலி மாத்திரை எப்போதும் இருக்கும், குழியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வது. இந்த ஜாதி மாத்திரையை இனி தொடவே கூடாது, சுருக்கின இரைப்பை புண்ணாகிவிடும், ரத்தம் கசியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தாள். அவனும் பாடம் ஒப்பித்தான். இப்போது அது எல்லாமே நினைவில் இருந்தது. நினைவில் வைத்துக்கொண்டேதான் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினான்.

அது இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ கல் மாதிரி நின்றுகொண்டது. எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வாசல் கதவு திறந்தபோது ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையில் மீதிப் பாதி மாத்திரையையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். அவள் அலமாரியிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழுத்துவரை இருந்தது.

"இத்தனை நாளா வலிச்சுதா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானே சொன்ன, வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்கன்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

"பூண்டு உரிச்சிக்கிட்டிருந்தப்ப."

அவள் யோசித்தாள். நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன்" என்றாள். "அதுல இந்த ஒண்ணத்தான் கேட்டிருக்கீங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். நர்ஸ் அவனிடம் கொடுக்கச் சொன்னாள். இப்போ எத்தனாவது மாடி என்று கேட்டாள். அவன் வாய் வழக்கம்போல் ஒன்றைச் சொல்லக் குவிந்தது. மனைவி அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடப் போர்வை இல்லை. விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன.

"எட்டு" என்றான். "வந்த நாள்லேர்ந்தே எட்டுதான், சிஸ்டர்."

நர்ஸ் சிரிக்கவில்லை. பாதி மாத்திரை என்பதால் பயப்படாதீர்கள், ஆனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், உடனே கிளம்பி வாருங்கள் என்றாள்.

வாசலில் நின்றது பயிற்சிக் கார்தான். அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். அவன் மெதுவாக, உடம்பைத் தவணை முறையில் உள்ளே கொண்டுபோய், அவள் எப்போதும் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலையணையை வயிற்றின்மேல் வைத்து அதற்கு மேலாக சீட் பெல்டைப் போட்டுவிட்டாள். தெருமுனை திரும்புவதற்குள் முதல் வேகத்தடை வந்தது. அவள் தவழுகிற வேகத்தில்தான் ஏற்றினாள். அப்படியும் அவன் மூச்சு நின்று வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு என்று சொன்னதே இந்த மாதத்துக்குப் போதும் என்று இருந்தது.

"வாயால சொல்ல வரலேன்னா விடுங்க" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. "கீழ ஒரு பிரேக் இருக்கு. வலிச்சா மிதிங்க. நான் நிறுத்திக்கிறேன்."

அவன் குனியாமல் காலால் தேடினான். இருந்தது. அவள் கால் பட்டுப் பட்டு ரப்பர் வழவழப்பாகியிருந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, மிதிக்காமல் வந்தான். பள்ளிக்கூடம் தாண்டியது, பெட்ரோல் பங்க் தாண்டியது. கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம் ஒன்று சாலையின் குறுக்கே வந்தது. முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்குவதற்கு முன் அவன் மிதித்தான்.

கார் நடுத்தெருவில் நின்றது. பின்னால் ஒரு ஹார்ன் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் பஸ்ஸின் நீண்ட ஹார்ன். ஒரு ஸ்கூட்டர்காரன் கூரையில் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கமாக ஏதோ சொல்லிக்கொண்டே கடந்து போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின்மேல் வைத்துக்கொண்டு, அவன் கால் பிரேக்கிலிருந்து எழும்புவதற்காகக் காத்திருந்தாள்.