மருந்து கலக்கும் இடத்து மண்

றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து டாங்கிகளில் ஊற்றும் இடத்தில்தான் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். புல் முளைக்காது, பந்து தொலையாது. அந்த மருந்து வாடை இன்னும் எனக்குப் பிடிக்கும். வேறு நல்ல வாடை எதுவும் அந்த வயதில் கிடைக்கவில்லை.

இப்போதும் மருந்து அங்கேதான் சிந்துகிறது. ஆனால் முழங்கால் உயரத்துக்குப் புல்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை தர்மிளா காரணம் சொன்னாள்.

"மருந்து சிந்திச் சிந்தி, அத திங்கிற பாக்டீரியா பெருகியிருக்கும்ணே. அதுட நொதி மருந்த துண்டு துண்டா ஒடைச்சிரும்."

"நாங்க வெளையாடுறப்ப எங்க போச்சு?"

"அப்பதான் பழகிக்கிட்டிருந்திச்சு. ஒன்னய மாதிரி படிப்ப பாதியில விடல."

அவளுடைய கடைசி வருட ஆய்வே அந்த மண்தான். தோட்டத்தில் வேறெங்கும் இப்படிப் புல் தப்பவில்லை. அங்கே கொங்கிரீட் போடப்போகிறார்கள் என்றதும் ஒரு வாளி மண்ணைத் தோண்டி வைத்துவிட்டு, ஐஸ் பெட்டி வாங்கப் பெல்மதுளைக்குப் போனாள்.

அப்பா கன்னையா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், தூளை உலர்த்தும் டிரையர் பார்ப்பவர். அவருக்கு ஈரம்தான் எதிரி. எவ்வளவு உரம் போடலாம் என்று சோதிக்க அனுப்பும் மண்ணையும் அவர்தான் காயவைத்துக் கொடுப்பார். மகள் திரும்பி வருவதற்குள் அவளுடைய மண்ணையும் டிரையரில் போட்டு, தூளாகச் சலித்து, பையில் கட்டி வைத்திருந்தார்.

"நல்லா காஞ்சிருச்சு புள்ள. பூஞ்சணம் புடிக்காது."

தர்மிளா பைக்குள் கையை விட்டாள். இன்னும் சூடு.

"எல்லாம் செத்துப்போச்சுப்பா."

"மண்ணுல என்னா சாகுறதுக்கு?"

அவள் ஐஸ் பெட்டியோடு மருந்து கலக்கும் இடத்துக்கு ஓடினாள். நாங்களும் ஓடினோம். அங்கே புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, கொங்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலைதான் பாக்கி.

"பாஸ் உன்னெஹே, பொட்டக் இன்ன!" கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினாள்.

"மெனிக்த நங்கி?" மண்ணில் மாணிக்கக் கல்லா தங்கச்சி என்று கொங்கிரீட் போடும் மேசன் பாஸ் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. மண்வெட்டியைப் பிடுங்கி அந்த மூலையில் இறங்கினார். புல் வேரோடு வந்த கட்டிகளை அள்ளிப் பெட்டியில் போட்டார்.

"இம்புட்டு ஈரம் இருக்கலாமா?"

"இருக்கணும்ப்பா."

"உசுரோட இருக்கா?"

"லேப்ல பாத்தாத்தான் தெரியும்."

அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். பஸ் நகர்ந்த பிறகும் அப்பா கூடவே ஓடி ஜன்னலைத் தட்டினார்.

"இஞ்சின் பக்கம் வைக்காத புள்ள! மடியில வச்சுக்க!"