பாடிப்போட்டு வாறன்

...அந்த மேல்சுரம் வருமா வராதா, எழுபத்தொன்பது வயதில் தொண்டையை நம்பி மேடையேறப் பார்க்கிறவனுக்குப் புத்தி இருக்கிறதா, மெரிலேண்ட்ஸ் கிளப் மண்டபம் மத்தியானச் சாப்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது, ஜெயரட்ணம் மேடைப் பக்கம் பார்த்தார். 'அறுபதுகளின் பாட்டு, யாரும் பாடலாம்' என்று ஒட்டியிருந்த தாளில் போன கிழமை பெயர் எழுதியவர் அவரேதான், யாரையும் நோக முடியாது. பக்கத்துக் கதிரையில் மனைவி இரஞ்சிதம், முள்ளே இல்லாத மீன் பொரியலில் முள் தேடிக்கொண்டிருந்தாள், நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இவர் பாடுவார் என்றே தெரியாது... சொன்னால் சிரிப்பாளோ?

என்னவென்று சொல்வது, லண்டனுக்கு எஞ்சினியரிங் படிக்கப் போன பெடியன் நாலு வெள்ளைக்காரரோடு சேர்ந்து ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடினான் என்றா, அதுவும் வேறு பெயரில்... முதல்நாள் ஒத்திகை முடிந்து கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போட்டு வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டான், ட்ரம்ஸ்காரன் கடைசிச் சொல்லைப் பெயரென்று பிடித்துக்கொண்டு "ஓகே, வாரன்" என்றான், அவ்வளவுதான், சுவரொட்டியில் வாரன், வந்த ஒரேயொரு இசைத்தட்டிலும் வாரன். திருத்தியிருக்கலாம். அப்பாவிடமிருந்து ஒளிய நல்ல மறைப்பு என்று விட்டுவிட்டான், ஆனால் யாரோ ஊருக்கு எழுதிப்போட, பாட்டா நானா என்று அப்பாவின் தந்தி வந்தது, கடைசிக் கச்சேரியில் மைக்கிலும் அதையேதான் சொன்னான், போட்டு வாறன்... எங்கே வந்தான்? பிறகு குளியலறையில்கூடப் பாடியதில்லை. ஆசை போகவில்லை, பயம், தொடங்கினால் நிறுத்த முடியாதென்ற பயம்.

"நெக்ஸ்ட், வாரன்!" மேடையில் நிகழ்ச்சி நடத்தும் யோகா கூப்பிட்டாள், ஏன் அந்தப் பெயரை எழுதினார், கை தானாக எழுதியது, "ஆரப்பா அது, வெள்ளைக்காரனோ?" என்று இரஞ்சிதம் சுற்றிப் பார்த்தாள். "வாரன்? இஸ் வாரன் ஹியர்?" யாரும் எழும்பவில்லை, யோகாவின் விரல் தாளில் கீழே இறங்கியது, பேசாமல் இருந்தால் போதும், தப்பிவிடலாம், மீனைச் சாப்பிட்டுவிட்டு பென்டில் ஹில் வீட்டுக்கு ரயிலேறலாம், அறுபது வருஷம் இருந்த மாதிரியே இருந்துவிடலாம்... கதிரை கிரீச்சிட்டது, யாருடைய கதிரை?

"வாறன்!"

அவருடைய குரல்தான். அட, கூப்பிட்ட பெயரும் இது, பதிலும் இதுவா, இத்தனை காலம் இதைப் போய்ப் பெயர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்... இரஞ்சிதம் முள்ளை மறந்து நிமிர்ந்தாள், "இஞ்சாருங்கோ, எங்க போறியள்?"

"பாடிப்போட்டு வாறன்" என்றார், சொன்னதும் நெஞ்சு லேசானது, ஆனால் அந்த மேல்சுரம்... வருமோ?